ஒன்பது நிமிடம்

காலை ஏழு இருபதுக்குச் சம்பந்திக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். இரண்டு முறை மணி அடித்ததும் நிறுத்திவிட வேண்டும். அதுதான் எங்கள் ஏற்பாடு. அன்றைய நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரை யார் முதலில் முடிக்கிறாரோ, அவர் மற்றவருக்கு மணி அடிப்பார். என் மகளை அவர் மகனுக்குக் கட்டிக்கொடுத்து ஆறு வருடம். அதில் ஐந்தே முக்கால் வருடம் மணி அடித்தது என் போனில்தான்.

சம்பந்தி அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் பிழை திருத்தியவர். நான் பழைய பேப்பர் வியாபாரி. அவர் எழுத்து எழுத்தாகப் படித்ததை நான் கிலோ கிலோவாகப் பார்த்தவன். கல்யாணப் பேச்சின்போதே, "சம்பந்திக்கு என்ன, பேப்பரத் தூக்கிப் பாத்தே தலையங்கம் சொல்லிடுவார்" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், எல்லோருக்கும் முன்னால். நம்மைப் பார்த்துச் சிரிக்கிற இடத்தில் முதல் போணி நம்முடையதாக இருந்துவிட வேண்டும்.

ஆனாலும் அந்தப் புதிரை எனக்குப் பழக்கியதே அவர்தான். நேராக அர்த்தம் கேட்கிற புதிர் இல்லை அது. ஒவ்வொரு குறிப்பும் கைதேர்ந்த தரகர் மாதிரி. காட்டுகிற சரக்கு ஒன்று, விற்கிற சரக்கு வேறு. 'விருந்தில் மெய் மறைந்தால் கிடைக்கும் பரிசு' என்று இருக்கும். இலையையும் சோற்றையும் நினைத்தால் போச்சு. 'விருந்து' என்ற சொல்லில் இருக்கும் மெய்யெழுத்தை எடுத்துவிட்டால் 'விருது'. அதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு இரண்டு காப்பி ஆறிப்போகும். கண்டுபிடித்த பிறகோ, இவ்வளவு நாணயமாக ஏமாற்றிய ஆளின் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றும்.

மூன்று மாதம் முன்பு சம்பந்தி குடும்பம் சின்ன வீட்டுக்கு மாறியது. இடமில்லாததால், அவர் வருடவாரியாகக் கட்டிவைத்திருந்த புதிர்ப் பக்கங்களை என் கடைக்கு அனுப்பினார். தராசில் வைக்கப்போகும்போது ஒரு கட்டின் மேல்பக்கம் கண்ணில் பட்டது. அன்று காலை நான் முட்டி மோதித் தோற்ற அதே புதிர். தேதி மட்டும் ஏழு வருடம் பழையது. மறுநாள் நாளிதழில் வந்தது, கட்டில் அதற்கு அடுத்த பக்கம். புதிர் போடுகிறவர் ஓய்ந்துவிட்டாரோ என்னவோ, பழைய சரக்கை வரிசை மாறாமல் மறுபடியும் கடைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கட்டில் எல்லாக் கட்டங்களும் சம்பந்தியின் ஊதா மையில் நிரம்பியிருந்தன. வலது மூலையில், பிடித்த நேரம்: ஒன்பது நிமிடம். பதினொன்று. மறுபடியும் ஒன்பது.

அந்தக் கட்டை அப்போதே காகித ஆலை அரவைக்கு ஏற்றியிருக்க வேண்டும். மேசைக்கு அடியில் தள்ளினேன். முதல் நாள் ஒரே ஒரு விடை பார்த்தேன். ஒரு வாரத்தில் பேனாவுக்கு யோசிக்கிற வேலையே இல்லாமல் போயிற்று. சணலை அவிழ்க்காமல், முந்தைய நாள் பக்கத்தை மட்டும் தினம் காலையில் மேலிருந்து உருவி எடுத்துவிடுவேன். சந்தேகம் வரக் கூடாதென்று ஏழு மணிக்கே முடித்துவிட்டு இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பேன். கலப்படம் செய்கிறவனுக்கும் ஒரு அளவு தெரிய வேண்டும் அல்லவா.

முதல் வாரம் அவரே கூப்பிட்டார். "என்ன சம்பந்தி, மூளைக்கு எண்ணெய் கிண்ணெய் போட்டீங்களா?"

"உங்களோட பழகினா தராசுக்கும் நாலு எழுத்து வரும்ல" என்றேன்.

சிரித்தார். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு கூப்பிடவில்லை. அவர் தரப்பிலிருந்து மணியும் வரவில்லை. எனக்கு அது ஜெயித்த சத்தமாகவே கேட்டது.

இன்று மதியம் மகள் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாமா இனிமே பாப்பாவ ஸ்கூல்லருந்து கூட்டிட்டு வரமாட்டாராம்ப்பா."

"ஏன், மூட்டு வலியா?"

"வழியில ஏதாச்சும் மறந்துபோச்சுன்னா கொழந்த நடுரோட்ல நிக்குமேங்கறார். எங்களுக்குத் தெரியாம டாக்டர்கிட்ட வேற போயிருக்கார். வயசுக்கு இது சகஜம்னு அவர் சொல்லியனுப்பிட்டார். மாமா நம்பல." கட்டுகளுக்கு இடையில் நின்றபடி என் முகத்தைப் பார்த்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கப்பா. 'உங்கப்பாகிட்டயே தெனம் தோக்கறேன்னா எனக்கு ஏதோ ஆயிடுச்சும்மா'ங்கறார்."

வேறு நாளாக இருந்தால் அந்த 'உங்கப்பாகிட்டயே'வுக்கு ஒரு வாரம் பதில் சொல்லியிருப்பேன்.

அவள் போனதும் கட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எல்லாவற்றையும் கொட்டிவிடுவது, இரண்டு திட்டு வாங்கிக்கொள்வது, அவர் மறுபடியும் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. சம்பந்தி வீட்டு மாடிப்படியில் ஏறும்போதுதான் பை கனத்தது. நான் ஏமாற்றினேன் என்று காட்ட இந்தக் கட்டைக் காட்ட வேண்டும். காட்டினால், இப்போது ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் முடியாததை அன்று தாமே ஒன்பது நிமிடத்தில் முடித்திருக்கிறார் என்பதை அவர் பார்ப்பார். முடித்தது நினைவிலேயே இல்லை என்பதையும் பார்ப்பார். ஏழு வருடத்துக்கு முந்தைய புதிர் யாருக்குத்தான் நினைவிருக்கும்? எனக்குப் போன வாரத்ததே இல்லை. ஆனால் ஒற்றுப்பிழை வந்த பக்கத்தை இருபது வருடம் கழித்தும் சொல்கிறவர் அவர்.

சாப்பாட்டு மேசையில் இருந்தார். எதிரே இன்றைய புதிர். பாதிக் கட்டம் வெள்ளையாக இருந்தது.

"வாங்க சம்பந்தி. ஏழு இருவதுக்கே மணி அடிச்சிட்டீங்க."

"நானா முடிக்கல" என்றேன். "மூணு மாசமா பாத்துத்தான் எழுதறேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகல. நாந்தான் திருடன்."

அவர் கோபப்படவில்லை. முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம்தான் வந்தது. காய்ச்சல் இறங்கிய குழந்தையின் முகம் மாதிரி. அதோடு நான் கிளம்பி வந்திருக்கலாம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பிழை திருத்துகிறவரின் நிதானத்தோடு கேட்டார்.

"எதப் பாத்து?"

பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை நான். ஈரப் பேப்பரைக் காய்ந்ததென்று விற்றிருக்கிறேன். போனைப் பார்த்து என்று சொன்னால் போதும், அவரும் நம்பியிருப்பார். வாய் திறப்பதற்குள் என் கை பையை மேசைக்கு அடியில் தள்ளப் போயிற்று. அவர் பார்வை அந்தக் கையின் பின்னாலேயே வந்தது. எட்டிப் பையை வாங்கிக்கொண்டார்.

சுவர்க் கடிகாரத்தில் மூணேகால். பள்ளிக்கூடம் விட இன்னும் கால் மணி. கத்திரிக்கோல் பக்கத்திலேயே இருந்தும் எடுக்காமல், பல வருடம் முன்பு தாமே போட்ட முடிச்சை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்தார். சணல் விலகியது. மேல்பக்கத்தை இன்றைய பக்கத்தோடு சேர்த்து வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குறிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே இறங்கினார். இடது கை கட்டைவிரல் பழைய பக்கத்தின் வலது மூலையை அழுத்திப் பிடித்திருந்தது. அதன் ஓரத்தில், நேரம் குறித்த ஊதா மை கொஞ்சமாக வெளியே தெரிந்தது.