மேஸ்திரியின் பின்னங்கால்கள்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் கிடங்குப் பொறுப்பாளர் வீட்டு நாய்க்குப் பதிமூன்று வயது. தான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாமல் வீட்டில் எல்லோரையும் மேற்பார்வை பார்க்கும் என்பதால் அதற்கு மேஸ்திரி என்று பேர். ஒரு திங்கட்கிழமை காலை மேஸ்திரியின் முன்பாதி எழுந்து நின்றது. பின்பாதி எழவில்லை.

கால்நடை மருத்துவர் பின்பாதங்களைக் கிள்ளிப் பார்த்தார். முதுகில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்.

"ஸ்கேன், ஆபரேஷன்னு போனா உங்க ஒரு வருஷச் சம்பளம் போயிடும். பாதத்துல இன்னும் உணர்ச்சி இருக்கு. மாத்திரை தர்றேன், மூணு வாரம் அசையாம கிடக்கட்டும். அப்புறம் பயிற்சி குடுக்கணும். அதுக்குன்னு ஆள் இருக்காங்க, ஆனா அவங்களும் ஆனை விலை குதிரை விலை சொல்வாங்க."

வீடு திரும்பும் வழியில் பொறுப்பாளருக்கு ஒரு யோசனை உதித்தது. தொழிற்சாலையில் ஊழியர்களுக்கு வருடத்துக்குப் பத்து முறை பிசியோதெரபி இலவசம். அவர் ஒரு முறைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"அங்க போயி நாய்க்குன்னா கேப்பீங்க?" என்றார் மனைவி.

"எனக்குன்னு சொல்லிக் கத்துக்கிட்டு வந்து இதுக்குச் செஞ்சுடுவேன்."

"பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேணுங்க. உங்களுக்கு அது சுட்டுப் போட்டாலும் வராது."

மூன்று வாரம் கழித்துப் போனார். பிசியோ அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிவத்தை எடுத்தார்.

"எங்க வலி?"

"வலின்னு சொல்ல முடியாது. பின்னங்கால் ரெண்டும் இழுக்குது."

பேனா நின்றது. "உங்களுக்கு மொத்தமே ரெண்டு கால்தானே."

"அந்த ரெண்டும்தான்."

"பாத்ரூம் போறதெல்லாம் கட்டுப்பாட்டுல இருக்கா?"

இங்கேயாவது பொய் சொல்லியிருக்கலாம். நாயின் நல்லதுக்காக உண்மையைச் சொல்லிவிட்டார். "நேத்து கதவுகிட்டயே போயிட்டேன்."

பிசியோ அம்மா அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு நெடுநேரம் எழுதினார். பிறகு ஒருக்களித்துப் படுக்க வைத்து, சைக்கிள் மிதிப்பதுபோல அவர் கால்களை மடக்கி நீட்டினார். மெத்தென்ற திண்டின் மேல் நிற்க வைத்தார். நடக்கும்போது இடுப்பில் துண்டைச் சுற்றி யாராவது தாங்க வேண்டும் என்றார். மூன்றாம் முறை போனபோது பொறுப்பாளர், "நகம் வளந்தா தரையில வழுக்குமா?" என்று கேட்டார். "உங்களுக்கா?" என்றார் பிசியோ அம்மா. "பொதுவாக் கேட்டேன்" என்றார் இவர்.

வீட்டில் வேலை ஒழுங்காக நடந்தது. ஒவ்வொரு பயிற்சியையும் கால்நடை மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொண்டே செய்தார்கள். மனைவி வீடு முழுக்க ரப்பர் விரிப்பு போட்டு, சாப்பாட்டைக் குறைத்து, தானே நகமும் வெட்டினார். மேஸ்திரி விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு சைக்கிள் மிதித்தது.

தொழிற்சாலையில்தான் வினை. பிசியோ அம்மாவின் அறிக்கை பாதுகாப்பு அதிகாரியின் மேசைக்குப் போயிருந்தது. அவர் எழுத்தில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் செய்கிறவர். மறுநாள் பொறுப்பாளரின் மேசை கழிப்பறை வாசலுக்கு இடம் மாறியது. லோடு ஏற்றும் ஆட்கள் இரண்டு பேர் துண்டோடு வந்து நின்றார்கள்.

"எழுந்திரிங்கண்ணே. நீங்க எங்க போனாலும் தாங்கிட்டு வரணும்னு உத்தரவு."

"எனக்கு ஒண்ணுமில்லப்பா."

"எங்க மாமாவும் இப்படித்தான் சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றான் ஒருவன். துண்டு வயிற்றை இறுக்க, பொறுப்பாளர் கால் பாதி தரையில் பாவாமல் கிடங்கை வலம் வந்தார்.

எட்டாம் முறைக்குப் பிசியோ அம்மா வீட்டுக்கே வந்தார். நோயாளி படி ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டுமாம். கதவைத் திறந்ததும், ரப்பர் விரிப்பில் துண்டு கட்டிய நாயொன்று திண்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. தான் கற்றுக்கொடுத்ததெல்லாம் நாலு காலில் நிற்பதை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"கதவுகிட்ட போனது?"

"இதுதாங்க."

அவர் தரையில் உட்கார்ந்து மேஸ்திரியின் தொடையை அமுக்கிப் பார்த்தார். "இடது பக்கம் சதை ஏறியிருக்கு. வலது பக்கத்துக்கு இன்னும் நேரம் குடுங்க. நான் நாய் டாக்டர் இல்ல, அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும், நம்பர் குடுங்க." பேசினார். மீதி இரண்டு முறையும் வீட்டுக்கே வந்தார். அவை மட்டும் அவருடைய சொந்த நேரம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

பொறுப்பாளர் மனசு கேட்காமல் பாதுகாப்பு அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் கக்கிவிட்டார். அதிகாரி படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"குணமாயிட்டாருன்னு எழுத இடம் இருக்கு. செத்துட்டாருன்னு எழுத இடம் இருக்கு. நாய்னு எழுத எங்கயும் இடம் இல்லையே."

"குணமாயிட்டேன்னு எழுதுங்க."

"நடக்க ஆரம்பிச்சாச்சா?"

"தெருமுனை வரைக்கும். கொஞ்சம் தள்ளாட்டம் இருக்கு."

"தள்ளாட்டமா?" என்ற அதிகாரி, துண்டு உத்தரவை இன்னும் இரண்டு வாரம் நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார்.