விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள்

பாயின் கீழே நான்கு பேர் இருந்தார்கள். குடும்பத் தலைவர் லௌவாய் எனெலே, அவருடைய அக்கா சலோமே, தம்பி மாரெகோ, மகன் இயாகோபோ. எதிரே, சுவரில்லாத தூண் வீட்டில், பெனிதாலாவும் அவர் மனைவி எசெதாவும். இடையில் முற்றத்தில், சிமெண்ட் இன்னும் முழுக்கக் காயாத கல்லறையில், அவர்களுடைய ஒரே மகன் ஃபெரெதி. அன்று அங்கே இருந்தது இவ்வளவு பேர்தான். மற்றவர்கள் ஆலயத்துக்குப் போகிற வழியில் சாலையிலிருந்து பார்த்தவர்கள். போதகர்கூட வரவில்லை.

நால்வரும் ஈஸ்டர் ஞாயிறு விடிவதற்குள் வந்து மண்டியிட்டுவிட்டார்கள். குடும்பத்தின் மிகச் சிறந்த பாயால் தலையோடு மூடிக்கொண்டார்கள். முன்னால் விறகு, அடுப்புக் கல், பச்சை இலை. எங்களைச் சுட்டுத் தின்றாலும் சரி என்று அதற்குப் பொருள். இந்தத் தீவில் மன்னிப்புக் கேட்கும் சடங்கான இஃபோங்கா அப்படித்தான். பறிகொடுத்த வீட்டார் பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்கப் பிடிக்காவிட்டால் கல்லால் அடிக்கலாம். எதுவும் செய்யாமல் அப்படியே விட்டுவிடவும் செய்யலாம். உள்ளே இருப்பவர் தானாக எழுந்துவிட்டால் வந்ததே வீண். போலீஸ் வழக்கு தன் பாட்டில் நடக்கும். ஆனால் இரண்டு வீடும் பேரன் காலம் வரைக்கும் பகைதான்.

பன்னிரண்டு நாளுக்கு முன், முகப்பு விளக்கு எரியாத பிக்கப்பில் சேப்பங்கிழங்கு ஏற்றி வந்த இயாகோபோ, பொழுது சாய்கிற நேரத்தில் ஃபெரெதியின் மேல் மோதிவிட்டான். இருவரும் பாடகர் குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பேஸ் என்கிற அடிக்குரலில் பாடுகிறவர்கள். மறுநாள் விடியலிலேயே எனெலே வந்து மண்டியிட்டிருக்க வேண்டும். வரவில்லை. “நடு ரோட்டுல நடந்தது அவன்” என்றார். லௌவாய் என்கிற குடும்பப் பட்டத்தை முப்பது வருஷம் யார் முன்னாலும் குனியாமல் சுமந்த முதுகு அது.

சனிக்கிழமை மாலை சலோமே பெட்டியைத் திறந்து அந்தப் பாயை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

“நாளைக்கு நீதானே வேதம் வாசிக்கிறே, எனெலே? எசெதா முதல் வரிசையில உக்காந்திருப்பா. அவ மூஞ்சியப் பாத்து வாசி. நானும் பாக்கிறேன்.”

அதனால்தான் வந்தார்.

வெயில் ஏறியது. பாய்க்குள் மூச்சு மூச்சின் மேலேயே மோதியது. வியர்வை கண்ணில் இறங்கினாலும் துடைக்க வழியில்லை.

“அண்ணே, முட்டி போச்சு” என்றார் மாரெகோ.

“பேசாதே.”

“நான் பேசல. முட்டிதான் பேசுது.”

“ஆண்டவர் ரெண்டு முட்டி குடுத்திருக்கார்ல, இன்னொண்ணுல நில்லு” என்றாள் சலோமே.

வீட்டுக்குள்ளிருந்து பெனிதாலாவின் குரல் கேட்டது. அவர்கள் காதில் விழ வேண்டும் என்றே பேசினார்.

“விறகப் பாத்தியா, எசெதா? பச்ச விறகு! பன்னெண்டு நாள் யோசிச்சு லௌவாய் கொண்டாந்தது பச்ச விறகு. பத்த வெச்சா நமக்குத்தான் கண்ணெரியும்.”

எனெலேவின் முதுகு விறைத்தது. அது காய்ந்த விறகு. அவரே தேர்ந்தெடுத்து அடுக்கியது. சொல்ல வாயெடுத்தார். சலோமே அவர் தொடையை நகம் பதியக் கிள்ளினாள். வாயை மூடிக்கொண்டார்.

ஆலய மணி அடித்தது. இந்த நேரத்தில் அவர் வெள்ளை உடையில் வேதத்தை விரித்து நின்றிருக்க வேண்டும். முப்பத்தொரு ஈஸ்டர் அவர்தான் வாசித்தார். விடியலில் ஆண்டவரின் கல்லறைக்கு நடக்கும் பெண்கள், வாசல் கல்லை யார் புரட்டப்போகிறார்கள் என்று கவலைப்படும் இடத்தை எப்போதும் விரைவாகத் தாண்டிவிடுவார். அது பொம்பளைகள் கவலை. குரலை உயர்த்த வேண்டிய இடம் அதற்கப்புறம்தான் என்பது அவர் எண்ணம். இன்று அந்த வரியைத் தாண்டவே முடியவில்லை. யார் புரட்டுவார்கள்? அந்தப் பெண்கள் போய்ச் சேருமுன்பே கல் புரண்டிருந்தது. அதை அவர்கள் புரட்டவில்லை. உள்ளே கிடத்தப்பட்டவர் முட்டித் தள்ளினார் என்றும் எங்கும் எழுதியிருக்கவில்லை. இத்தனை வருஷம் வாசித்தும் இதை அவர் கவனித்ததில்லை.

அப்போது கடற்காற்று எழுந்தது. பாயின் முன் விளிம்பு படபடத்து முழங்கால் உயரம் தூக்கிக்கொண்டது. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது.

“அண்ணே, ஆண்டவரே தூக்குறாரு! விட்ரு” என்றார் மாரெகோ.

விட்டுவிடலாம். காற்று கொண்டுபோயிற்று என்று சொல்லிக்கொண்டு நிமிர்ந்து நடக்கலாம். யாரும் குறை சொல்ல முடியாது. மூன்று மணி நேரமாக அவர் உடம்பு முழுதும் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

“இது வெறும் காத்துடா” என்றார் எனெலே. கையை நீட்டி, விளிம்பை நான்கு விரலால் பற்றித் தரையோடு அழுத்தினார். சாலையில் போனவர்கள் பார்த்தது அந்த விரல்களைத்தான்.

விரல்களுக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. எசெதா. அவர்களிடம் வரவில்லை, மகன் கல்லறைக்குப் பூ வைக்க வந்தாள். ஒவ்வொரு பூவாக வைப்பது உள்ளே கேட்டது. இயாகோபோவின் உடல் நடுங்கத் தொடங்கியது. பாயும் சேர்ந்து நடுங்கியது.

“நேரமாச்சு, எசெதா. அவங்களச் சுத்திட்டு வா, போலாம்” என்றார் பெனிதாலா.

“போயி என்ன பாடப்போறோம்?”

“வருஷா வருஷம் பாடுறதுதான்.”

“கல்லறை திறந்துச்சுன்னு பாடணும். நாலு பேர இப்படி மூடி வெச்சிட்டு எந்த வாயால பாடுறது?”

“நம்ம புள்ளைய மண்ணுல மூடிட்டு வந்தமே!”

“மூடினோம். எந்திரிப்பான்னு நம்பித்தானே மூடினோம்? அது இல்லேன்னா இந்த வெள்ளத் துணி எனக்கு எதுக்கு?”

ஆலயத்தில் முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்கிவிட்டது.

“நீ தூக்கு” என்றார் பெனிதாலா கடைசியில். “எனக்குக் கை வராது.”

பாய் இழுபட்டது. எழவில்லை. மறுபடியும் இழுபட்டது.

“கைய எடுங்க, லௌவாய்” என்றாள் எசெதா. “நீங்க பிடிச்சிருந்தா நான் எப்படித் தூக்குறது?”

விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஒவ்வொன்றாகத்தான் விட முடிந்தது. வெளிச்சம் மொத்தமாக வந்து விழுந்தது. மண்ணிலிருந்து தலை தூக்காத இயாகோபோவை எசெதா நெடுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“எந்திரி. பேஸ்ல ஏற்கெனவே ஒரு ஆள் கொறையுது.”

தலைநகர் ஆப்பியா வரைக்கும் ஒரு பேச்சு இன்னும் உலவுகிறது: வெயில் பொறுக்காமல் லௌவாய் தானே பாயை விலக்கினார், விரலைக் கண்ணால் பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள் என்று. விரல் தெரிந்தது உண்மை. அவர் விலக்கவில்லை. பாயைத் தூக்கியது எசெதா.