பட்டியலில் இருபத்தேழாவது பொருள்

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வார்டு அலுவலகத்தில் நடந்த கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் பின்வருமாறு: மேசைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே, வார்டு உறுப்பினர். அவருக்கு வலப்பக்கம், விதிமுறைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, துப்புரவு மேற்பார்வையாளர். இடப்பக்கம், காற்று எட்டாத நாற்காலியில், நான்காம் எண் வீட்டு மாமியார். அவரை அடுத்து, கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக அவருடைய மகள். சன்னலோரப் பெஞ்சுகளில் தெருக்காரர்கள் ஒன்பது பேர். தையல்காரரும் சலவைக்கடைக்கார அம்மாவும் அவர்களில் முன்வரிசை. கதவுக்குப் பக்கத்தில், பழைய சாமான்களை நிறுக்கும் எடைமேடையின் மேல், முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மேற்படி வீட்டின் மாப்பிள்ளை. அந்த மாத முதல் புதன்கிழமை விடியற்காலை, வீட்டுக்கு வேண்டாத சாமான்களோடு சாமானாக அவரும் தெருவுக்கு வந்துவிட்டிருந்தார். அவரை ஆட்களோடு உட்கார வைப்பதா, பொருள்களோடு வைப்பதா என்று விதியில் இல்லை. எடைமேடை இரண்டுக்கும் பொதுவாகப் பட்டது. முள் அறுபத்திரண்டு கிலோ காட்டியது.

கோடைகாலத்தில் வீடுகளிலிருந்து பெரிய சாமான்களை எடுத்துச் செல்லும் சேவையை நகராட்சி தொடங்கி ஏழு வருடங்கள் ஆகின்றன. மார்ச் முதல் ஜூன் வரை, மாதத்தின் முதல் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு லாரி வரும். அதற்குள் வாசலில் வைத்துவிட வேண்டும். முதல் இரண்டு வருடங்கள் மக்கள் வைத்தார்கள். மூன்றாம் வருடம் வெயில் மண்டையைப் பிளந்தது, அலமாரி தூக்க யாருக்கும் தெம்பில்லை, சாமான்கள் தாமே வரத் தொடங்கின. ஐந்து மணிவாக்கில் வீடு வீடாகத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்கும். கால் உடைந்த கட்டில், ஓடாத துணி துவைக்கும் இயந்திரம், சக்கரம் போன தள்ளுவண்டி எல்லாம் படியிறங்கி வந்து, லாரிக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கும். வார்டுச் செய்தித்தாள் குடிநீர் வரும் நேரம், கொசு மருந்து அடிக்கும் நாள், நாய்களுக்கு ஊசி போடும் இடம் ஆகியவற்றுக்குக் கீழே இதையும் ஓர் அறிவிப்பாகப் போட்டது: பொருள்கள் தாமே வருவதால் முதல் புதன்கிழமைகளில் வாசலைப் பூட்ட வேண்டாம், பூட்டு உடைந்தால் நகராட்சி பொறுப்பல்ல.

வீட்டில் ஒருவருக்காவது அந்தப் பொருள் வேண்டும் என்றிருந்தால் அது அசையாது. இது அனுபவத்தில் கண்டது. தையல்காரர் வீட்டு ஆர்மோனியத்தை எலி தின்று பல வருடம் ஆகிறது. அவர் தினம் அதைத் திட்டுவார். அது ஓர் அங்குலம் நகரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அவர் மனைவி அதைத் துடைக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஒன்பதாம் எண் வீட்டு மாமியாரும் மருமகளும் பாத்திரம் பறக்கச் சண்டை போடுவார்கள். இருவரில் ஒருவரும் இதுவரை வாசற்படி தாண்டி வந்ததில்லை. பதினொன்றாம் எண் வீட்டிலிருந்து ஒரு வருடம் கல்யாண ஆல்பம் மட்டும் வந்து நின்றது. அன்றைக்கு எல்லோரும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே பால் வாங்கப் போனார்கள்.

நான்காம் எண் வீட்டுக்கு வருவோம். எடைமேடையில் உட்கார்ந்திருந்தவர் அங்கே வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து ஒன்பது வருடம். மின்சாமான் கடையில் விற்பனையாளர். இருக்கிற இடம் தெரியாத மனிதர் என்று அவரைத் தெருவே மெச்சியது. உப்பில்லாவிட்டால் உப்பில்லாமல் சாப்பிடுவார், உப்பு கரித்தால் ஒரு தம்ளர் தண்ணீர் கூடக் குடிப்பார். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பார், மாமியார் கேட்டால் "உங்க இஷ்டம்." அவர் மனைவிக்கு நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் தொலைபேசியில் புகார் எழுதிக்கொள்ளும் வேலை. கோடையில் ஒரு நாளைக்கு இருநூறு புகார் வரும். அதனால் தெருவில் அவருக்குப் புகாரக்கா என்று பெயர். இருநூறு பேரிடம் வசவு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், புகாரே சொல்லாத ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது அவருக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. நாளாவட்டத்தில் உட்கார்ந்திருப்பது கண்ணில் படாமலும் போனது.

ஏப்ரல் புதன்கிழமை மாப்பிள்ளை கட்டிலோடு தெருவுக்கு வந்தார். கட்டில்தான் வேண்டாத பொருள், மனிதர் அதன் மேல் தூங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவே என்று எல்லோரும் சிரித்து, அவரை எழுப்பி, கட்டிலை மட்டும் ஏற்றினார்கள். மே மாதம் அவர் தரையில் பாய் விரித்துத் தூங்கினார். பாய் வீட்டிலேயே இருந்தது. அவர் மட்டும் வந்தார். ஓடாத பிரிண்டருக்கும் ஒரு கால் போன முக்காலிக்கும் நடுவில், தலையணையை மடியில் வைத்து, மூக்குக்கண்ணாடியைச் சரியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நடந்து வந்த ஞாபகமில்ல, வந்துட்டேன்" என்று பால்காரரிடம் சொன்னார். மனைவி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். இரண்டு படி வரை மனிதர் வந்தார். மூன்றாம் படியில் பிடித்த கை காற்றாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் முக்காலிக்குப் பக்கத்தில் பழையபடி உட்கார்ந்திருந்தார். தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு லாரி வந்தது. ஓரத்தில் இருப்பது எதுவானாலும் நகராட்சிச் சொத்து என்பது விதி எட்டு. மேற்பார்வையாளர் எழுதிக்கொண்டார்: வரிசை எண் 27, மாப்பிள்ளை, எண்ணிக்கை ஒன்று, நிலைமை நல்லது.

கூட்டத்தில் மாமியார்தான் முதலில் வாய் திறந்தார். "நான் வேண்டாம்னு சொல்லவே இல்ல. வேணும்னு சொல்லல, அவ்வளவுதான். எல்லாரும் ஏன் என்னையே பாக்கறீங்க?"

"உங்களை மட்டும் பாக்கலம்மா, மாத்தி மாத்திதான் பாக்கறோம்" என்றார் தையல்காரர்.

புகாரக்கா கைப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒருவருக்காவது வேண்டும் என்றிருந்தால் பொருள் நகராது என்பதைத் தெருவில் அறியாதவர் இல்லை. ஆகவே அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் அவரிடம் கேட்காத கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதையும் வார்டு உறுப்பினர், எடைமேடையின் பக்கம் திரும்பி, வேறு மாதிரி கேட்டுவைத்தார். "மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு அந்த வீடு வேணுமா, வேண்டாமா?"

"அவங்க இஷ்டம்" என்றார் மாப்பிள்ளை. முள் கொஞ்சம் ஆடி நின்றது.

மேற்பார்வையாளர் விதி பதினொன்றைப் படித்தார். எடுத்துச் சென்ற பொருள் முப்பது நாள் கிடங்கில் இருக்கும். வேண்டுபவர் யாரானாலும், எந்தப் பயனுக்கு என்று கைப்பட எழுதி, உறையில் இட்டு, கிடங்கு மூலமாகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். முப்பது நாளில் கடிதம் வராத பொருள் வெளியூர் ஏலத்துக்குப் போகும். பொய்ப் பயன் எழுதினால் பொருள் தானே கிடங்குக்குத் திரும்பும். அதற்குப் பிறகு மறு கடிதம் கிடையாது, நேராக ஏலம். இதில் சந்தேகம் எழுப்ப ஆளில்லை. மருந்துக்கடைக்காரர் தினசரி நடைப்பயிற்சிக்கு என்று எழுதி எடுத்துப் போன இயந்திரம் ஒன்பதாம் நாள் கிடங்கு வாசலில் வந்து நின்றதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"வீட்டுக்காரங்க எழுதலன்னா நான் எழுதறேன்" என்றார் சலவைக்கடைக்கார அம்மா. "கடையில துணி பிரிக்க ஓர் ஆள் வேணும். எதிர்த்துப் பேசாத ஆளா வேணும். இவரு எனக்குத் தோதுதான்."

புகாரக்காவின் கைப்பை படக்கென்று மூடியது.

அவர் அன்றைக்கே அலுவலக வாசலில் நின்றபடி ஒரு கடிதம் எழுதி நீட்டினார். பயன் என்ற இடத்தில் 'கணவர்' என்றிருந்தது. மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுத்தார். "இது பொருளோட பேரும்மா. பயன் கேட்டிருக்கு." வீட்டில் மாமியார், "தண்ணி பிடிக்கன்னு போடேன். அவர் போனதிலிருந்து ஒரு குடம் ரொம்பல" என்றார். அந்த வீட்டில் ஒன்பது வருடமாகத் தண்ணீர் தானே நிரம்புவதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். புகாரக்கா தண்ணீர் பிடிக்க என்று எழுதினார். தானே நிற்கும் மோட்டார் ஒன்று வைத்தால் அந்தப் பயன் தீர்ந்துவிடும் என்று தோன்றியதும் அடித்தார். பரணிலிருந்து சாமான் இறக்க என்று எழுதினார். ஏணி போதும் என்று அடித்தார். துணைக்கு என்று எழுதி ஒரு வாரம் வைத்திருந்தார். ஒன்பது வருடம் அவர் துணையாகத்தானே இருந்தார், இருந்துமல்லவா வாசலுக்கு வந்தார் என்று அதையும் அடித்தார். தவறாக எழுதிவிட்டால் ஆள் ஏலத்துக்குப் போய்விடுவார். புகார் எழுதுவதில் பதினான்கு வருட அனுபவம் இருந்தும் ஒரு வரி வரவில்லை.

கிடங்கில் மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. நகராட்சிச் சொத்தாகிவிட்டவர் என்று மின்சாமான் கடை முதலாளி விடுப்பு எழுதிக்கொண்டதால் அவருக்குப் பகல் முழுவதும் ஒழிவு. ஓடாத மின்விசிறிகளைப் பிரித்து, எட்டில் ஐந்தை ஓட வைத்தார். வருகிற கடிதங்களுக்கு உறை, பசை, முத்திரை எல்லாம் அவர் பொறுப்புக்கு வந்தது. மாமியார் கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பாத்திரம் மூன்றாம் வாரம் ஒரு செய்தியோடு திரும்பி வந்தது: உப்பு கம்மி. "மாப்பிள்ளையா சொன்னாரு? உப்பு கம்மின்னா?" என்று மாமியார் லாரி ஓட்டுநரை இரண்டு தடவை கேட்டார். தெருவில் நாலு பேரிடம் கோபமாகச் சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு சிட்டிகை கூடப் போட்டார். சலவைக்கடைக்கார அம்மாவின் உறை அதற்கு முன்பே வந்து சேர்ந்து தலைமை அலுவலகத் தபால் பையில் கிடந்தது.

முப்பதாவது நாள் பிற்பகல் இரண்டு மணிக்குப் புகாரக்கா வெற்றுத் தாளோடு கிடங்குக்குப் போனார். தலைமை அலுவலக வண்டி மூன்று மணிக்கு. உள்ளே மாப்பிள்ளை ஒரு மேசை விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாங்க வந்தவரிடம் இரைந்துகொண்டிருந்தார். "மூணுக்கு மேல வைக்காதீங்கன்னா வைக்காதீங்க. அஞ்சுல வெச்சா காதுக்குள்ள லாரி ஓடற மாதிரி இருக்கும், மனுஷன் தூங்க முடியாது. எனக்கு அறவே பிடிக்காது." வந்தவர் விசிறியை வாங்கிக்கொண்டு பயந்துபோய்க் கிளம்பினார்.

புகாரக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "நம்ம வீட்டுல அஞ்சுலதானே ஓடுது?"

"ஆமா."

"ஒன்பது வருஷமாவா தூங்கல?"

"அப்பப்ப தூங்குவேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கல."

"கேட்டேன்! கல்யாணமான முதல் வாரம் கேட்டேன். உன் இஷ்டம்னீங்க."

"அது முதல் வாரம்மா. வந்த வீட்டுல முதல் வாரமே ஃபேனைக் குறைன்னு சொல்லுவாங்களா? அப்புறம் நீ கேக்கவே இல்ல."

புகாரக்கா மேசையில் வந்து உட்கார்ந்தார். பேனா கேட்டு வாங்கினார். பயன் என்ற இடத்தில், 'கேட்டுத் தெரிந்துகொள்ள' என்று எழுதி, கீழே வரிசை எண் போட்டார். ஒன்று, விசிறி மூன்றா, இரண்டா. இரண்டு, சுவரோரம் படுக்கப் பிடிக்குமா அல்லது நான் இந்தப் பக்கம் படுத்துவிட்டதால் அங்கே போனதா. மூன்று, அம்மா வாங்கித் தந்த மஞ்சள் சட்டை. நான்கு, எங்கள் வீட்டுக்கு வந்து இருக்கச் சொன்னபோது என்ன நினைத்தீர்கள். இஷ்டம் என்ற சொல் இல்லாமல் பதில் வேண்டும். தாள் முடிந்தது. இன்னொன்று கேட்டார்.

"ஒரு வரி போதும்" என்றார் மாப்பிள்ளை. "எல்லாரும் ஒரு வரிதான் எழுதுவாங்க."

"உங்களுக்கா எழுதறேன்? நகராட்சிக்கு எழுதறேன். அந்தப் பக்கம் பாருங்க."

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். ஆனால், தாள் பறக்காமலிருக்க விசிறியைத் திருப்பி வைத்துவிட்டுப் பார்த்தார். பதினேழாம் எண்ணில் புகாரக்காவுக்கு மூக்கு சிந்த வேண்டியிருந்தது, இருபத்திரண்டில் தானாகச் சிரித்தார், நாற்பதைத் தாண்டியபோது மணி மூன்றுக்கு ஐந்து நிமிடம். ஏழு தாள்களையும் மடித்து உறைக்குள் திணித்து அவரிடம் நீட்டினார். மூடியை ஒட்டுவது கிடங்குக்காரர் வேலை, அதுவும் விதி.

மாப்பிள்ளை பசை தடவும்போதே அவருடைய கால்கள் வாசல் பக்கம் நழுவ ஆரம்பித்தன. செருப்பு தரையில் உரசியது. அவர் நடக்கவில்லை, விடியற்காலையில் சாமான்கள் வருவது போல, எதிர்த்திசையில், வீட்டைப் பார்த்துப் போனார். தபால் பையோடு மூலையில் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, தலைமை அலுவலக உத்தரவு வருமுன் பொருள் புறப்பட்டால் என்ன செய்வது என்று புத்தகத்தைப் புரட்டினார். அப்படி ஒரு விதி இல்லை.

"இருங்க, போகாதீங்க! உறை இன்னும் வாயைப் பிளந்துட்டு நிக்குது" என்று புகாரக்கா அவர் சட்டையைப் பிடித்தார்.

"நானா போறேன்? இழுக்குது."

"இழுக்கும். பிடிச்சுக்குங்க எதையாவது."

மாப்பிள்ளை ஒரு கையால் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கால்களும் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி வாசலை நோக்கி நீண்டிருந்தன. மறு கையால் உறையின் மூடியை அழுத்தினார். தாள்கள் தடிமனாக இருந்ததால் அது திறந்துகொண்டது. மறுபடி பசை போட்டு, முழங்கையை ஊன்றி, நூறு எண்ணும் வரை அழுத்தினார். "ரொம்ப எழுதிட்ட, ஒட்டவே மாட்டேங்குது" என்று குறை சொன்னார். பிறகு முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, நேராக விழுகிறதா என்று பார்த்துக் குத்தினார். மேற்பார்வையாளர் உறையை வாங்கிப் பையில் போட்டுப் பையின் வாயைக் கட்டினார். மூன்று மணி வண்டி மூன்று மணி நான்கு நிமிடத்துக்குப் புறப்பட்டது.