அடைப்புக்குறிக்குள் ‘சோதனை’ என்று இருந்தது

1.
[வரைவு: முதல் | இடம்: சமையலறை | நம்பலாமா: பார்ப்போம்]

இந்தக் காலத்தில் எவனுக்கும் தான் எங்கே நிற்கிறோம் என்று தன் கண்ணால் பார்க்கத் தெரியவில்லை. எங்கள் ஊரான கொக்கொலாவின் கடைத்தெருவில் நட்டநடுவில் நின்றுகொண்டு, கைப்பேசியைப் பார்த்து, ‘கடைத்தெருவில் இருக்கிறேன்’ என்று யாருக்கோ சொல்கிறான்.

அந்த எரிச்சலில்தான் இந்தக் கதை பிறந்தது என்று எழுத நினைத்தேன். பொய். ஹில்க்கா என் வீட்டு மாடியில் குடியிருப்பதால் பிறந்தது. துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் அவள் மேலே உட்கார்ந்து கிரேன் ஓட்டினாள். எதை எப்போது தூக்க வேண்டும் என்று நான் கீழே நின்று கை காட்டினேன். முட்டி தேய்ந்து ஏணி ஏற முடியாமல் போனதும், ஐம்பத்தொரு வயதில் கணினிக்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். வேலையும் கிடைத்தது. ஆறு மாதம் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா என்பதுதான் கதை.

(மேலே அடைப்புக்குறிக்குள் இருக்கும் வரி என் யோசனை இல்லை. ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு அதெல்லாம் வராது. அவளுடைய கறுப்புத் திரையில் திருடியது. அவள் கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால், எந்தச் சூழலில் வேலை நடக்கிறது என்று கணினி இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.)

2.
[வரைவு: இரண்டாவது | இடம்: சமையலறை | நம்பலாமா: பாதி]

ஹில்க்கா ஒரு வீரப் பெண்மணி, அவள்...

வேண்டாம். கிரேனில் இருந்தபோது கெட்ட வார்த்தையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை. மாடியில் இணையம் வரவில்லை என்று மடிக்கணினியோடு என் மேசைக்கு வந்துவிட்டாள். ஊர் ஊராகப் போகும் பல் மருத்துவப் பேருந்துக்கு முன்பதிவு வாங்குவது அவள் நிறுவனத்தின் வேலை. ஒத்திகைக்காகப் போட்ட பொய்ப் பெயர்களை அன்று அழிக்க வேண்டும்.

“என்னய்யா எட்டிப் பாக்கறே?”

“அதென்ன, வரிக்கு வரி ‘சோதனை’ன்னு வருது?”

“நான் எங்க நிக்கறேன்னு சொல்லுது. சோதனைன்னா எத ஒடச்சாலும் யாருக்கும் வலிக்காது. ‘நிஜம்’னு இருந்தா கைய வெக்கறதுக்கு முன்னாடி பத்து தடவ யோசிக்கணும்.”

“அத யாரு எழுதினா?”

“யாரும் எழுதல. தானா வருது.”

“தானா வர்றத நான் நம்பமாட்டேன். சரக்குல நாலு டன்னுனு சீட்டு ஒட்டியிருக்கும். தூக்கினா ஏழு.”

அவள் விரல் நின்றது. வேறு ஏதோ அடித்து, இருக்கும் இடத்தின் முழு முகவரியைக் கணினியிடம் கேட்டாள். விரலை விசையிலிருந்து எடுத்தாள். அவள் நின்றுகொண்டிருந்தது ‘நிஜ’த்தில்.

போன வாரம் சோதனைக் கோப்புறையை அப்படியே நகலெடுத்துத்தான் புது நிஜத்தை அமைத்திருக்கிறாள். ‘சோதனை’ என்ற பழைய பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இன்னும் ஒரு தட்டு தட்டியிருந்தால் நானூற்றுப் பன்னிரண்டு பேருடைய முன்பதிவு போயிருக்கும். என் கடைவாய்ப் பல்லும் அதில் உண்டு.

3.
[வரைவு: இரண்டாவது | இடம்: சமையலறை | நம்பலாமா: பாதி]

மேலே ‘இரண்டாவது’ என்றிருப்பதை நம்பாதீர்கள். பழைய தாளைப் பார்த்து எழுதியதில் அந்த வரியும் அப்படியே வந்துவிட்டது. இது ஐந்தாவது. அவளைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

நான்காவதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

“யோவ் தௌனோ, நீ எங்கய்யா கேள்வி கேட்டே? நீ காப்பி ஊத்திக்கிட்டிருந்தே. நானாத்தான் பாத்தேன்.”

“அந்த நாலு டன்னு?”

“அது அப்புறம். அதையும் எங்கிட்ட சொல்லல, ரேடியோகிட்ட சொன்னே.”

இருக்கலாம். அடித்துத் திருத்தவில்லை, எனக்கு என் வரைவு பிடித்திருக்கிறது. விரலை எடுத்தது அவள். அதில் இருவருக்கும் சண்டை இல்லை.

இனி வருவது உண்மையில் நடந்தது. யாருக்கும் தெரியாது, எதுவும் அழியவில்லை. நான் சொன்னேன்: “மூணு நாள்தான். வாய மூடிக்கிட்டு இரு.”

“அப்படி வாய மூடிக்கிட்ட எவனோதான்யா ஏழு டன்னுக்கு நாலுன்னு சீட்டு ஒட்டினான்.”

அன்றே மேலாளர் ரீஸ்தோவுக்கு ஒன்று விடாமல் எழுதிவிட்டாள். திரையில் இடத்தைச் சொல்லும் அந்த வரியையும் மாற்றினாள். இனி அது ஒட்டிவைத்த பெயரைச் சொல்லாது. ஒவ்வொரு முறையும் நிற்கும் இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும். நிஜத்தில் நின்றால் சிவப்பாகும். கூட வேலை செய்யும் ஒன்பது பேரும் வியாழக்கிழமைக்குள் அதையே போட்டுக்கொண்டார்களாம்.

4.
[வரைவு: எண்ணவில்லை | இடம்: சமையலறை | நேரம்: வெள்ளி, பிற்பகல் இரண்டு]

மாடியில் இணையம் வந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு ரீஸ்தோவோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு முடிவு எழுதினேன்: ரீஸ்தோ, ‘தவறு தவறுதான்’ என்கிறான். கிழித்தேன். இன்னொன்று: ‘உன்னை மாதிரி ஆள்தான் வேண்டும்’ என்கிறான். எந்த மேலாளர் அப்படிப் பேசிக் கேட்டிருக்கிறோம்? அதையும் கிழித்தேன்.

மேலே அவள் சிரிக்கிறாள். நல்ல சிரிப்பாகத்தான் கேட்கிறது. ஆனால் கிரேனில் பிரேக் பிடிக்காதபோதும் இதே சிரிப்புத்தான் சிரித்தாள்.

முடிவை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நல்லதாகவே போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தச் சிவப்பு வரியை மட்டும் நான் இன்னும் நம்பவில்லை. எப்போது சிவக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்ததும் ஒரு மனுஷிதானே.

வாசலில் முழங்கால் அளவுக்குப் பனி கிடக்கிறது. தள்ளப் போகிறேன்.