சனிக்கிழமை முட்டை

"ஏம்மா, ஒரு கோழியப் பிடிச்சிட்டு வர இவ்வளவு நேரமா? லாரிக்காரன் கெடந்து கத்துறான் லா!"

வாசலிலிருந்து கூவியவர் இராமசாமி. அந்தக் கம்பத்துக் கிராமத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் முன்னால் நிற்பவர் அவர்தான். பாடை கட்டி முடித்தாகிவிட்டது.

மங்களத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமனார் வேலாயுதம் போயும் போயும் சனிக்கிழமை விடியலில் கண்ணை மூடியிருந்தார். சனிக்கிழமை செத்தவர் வீட்டிலிருந்து இன்னொருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வாராம். அதற்குப் பாடையோடு ஓர் உயிரைக் கட்டி அனுப்ப வேண்டும். உள்ளே அவளுடைய மூன்று வயது மகள் நான்கு நாளாகக் காய்ச்சலில் அனலாய்க் கொதிக்கிறாள். பயப்படாமல் என்ன செய்வாள்?

வீட்டில் இருப்பதோ ஒரே கோழி, அதுவும் அடையில். பால் டின் வந்த மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, பதினோரு முட்டை வைத்தவர் மாமனாரேதான். இன்று இருபதாம் நாள். விடிந்தால் குஞ்சு பொரித்துவிடும். தேக்கா மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பி வேறு கோழி வாங்க நேரமும் இல்லை.

"அடைக்கோழியத் தூக்கினா அத்தனையும் போயிடும்," என்றாள் மாமியார் ரத்தினம்மா, அழுது கம்மிய குரலில். "முட்டையும் உயிர்தான். ஒண்ணு எடுத்துக் குடு. உசுரு உள்ளதா பாத்து எடு."

நாளை வெளியே வரப்போகிற குஞ்சை இன்று மண்ணில் போட யாருக்கு மனசு வரும்? மாமனாரைக் குளிப்பாட்டியதில் மிஞ்சிய வெந்நீரைப் பதமாக விளாவி, மங்களம் முட்டைகளை அதில் விட்டாள். குஞ்சு உள்ள முட்டை தண்ணீரில் தானாக ஆடும். பத்து ஆடின. ஒன்று மட்டும் சும்மா கிடந்தது. கூமுட்டை! நல்லதாய்ப் போயிற்று என்று அதை மஞ்சள் துணியில் முடிந்து நீட்டினாள்.

"உசுரு உள்ளதுதானே?" என்றார் இராமசாமி.

"ஆமா மாமா."

லாரி போனதும் பயம் பிடித்துக்கொண்டது. செத்தவரிடமா பொய் சொல்வது? அதுவும் அந்த மனுஷரிடம்! துணைக்கு ஒருவரைக் கூப்பிடுவதென்றால் அவர் யாரைக் கூப்பிடுவார்? ராத்திரி பகலாய்த் தோளில் போட்டுக்கொண்டு திரிந்த பேத்தியைத்தானே? மகளின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். சூடு இறங்குவதாகவே இல்லை.

சாயங்காலம் அவள் கணவன் சேதுபதி மொட்டைத் தலையோடு வந்து குழாயடியில் நின்றபடியே அவளைக் கூப்பிட்டான். உள்ளங்கையை விரித்தான். ஈரம் காயாத ஒரு குஞ்சு.

"குழியில வைக்கப் போறேன், உள்ளேருந்து கீச்சுக் கீச்சுங்குது. ஓடும் வெடிச்சிருச்சு. வைடான்னாரு இராமசாமி மாமா. எனக்குக் கை வரல மங்களம்."

"அப்ப உங்கப்பாகூட ஒண்ணுமே போகலையா?"

"இல்ல."

"அய்யோ, கொண்டுபோய் வெச்சிட்டு வாங்க! நம்ம பாப்பா... கூமுட்டைன்னு நெனச்சுக் குடுத்தேன், பொய் சொல்லிட்டேன்ங்க. ஓடுங்க, இப்பவே ஓடுங்க!"

கூச்சல் கேட்டு ரத்தினம்மா வந்துவிட்டாள். மருமகளையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்த குஞ்சைப் பார்த்தாள்.

"அத்தே, என்னை மன்னிச்சிடுங்க. பாப்பாவ..."

"எதுக்குடி பாப்பாவ இழுக்குற?" ரத்தினம்மா குஞ்சை வாங்கி முந்தானையில் பொத்திக்கொண்டாள். "நாப்பது வருசம் நான் போடாம ஒரு வாய் சாப்புடாத மனுசன். துணை வேணும்னா என்னையத்தான் கூப்புடுவாரு. நீ போயி புள்ளைக்குக் கஞ்சி குடு."

மங்களம் உள்ளே போனாள். கஞ்சியை ஆற்றிக்கொண்டே சமையலறை மூலையைப் பார்த்தாள். ரத்தினம்மா மரப்பெட்டி முன்னால் உட்கார்ந்து, குஞ்சைக் கோழியின் இறக்கைக்கு அடியில் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். கோழி சீறிக்கொண்டு அவள் புறங்கையைக் கொத்தியது. அவள் கையை எடுக்கவில்லை.