மருந்தடித்த மறுநாள்

டேட்டாபேஸ் பற்றிய பேச்சுக்குக் கறுப்பு பீர். செக்யூரிட்டி பற்றிய பேச்சுக்குக் கசப்பு கூடிய பீர். என் பேச்சுக்கு ஏலக்காய் பீர். போடிமெட்டுக்கு மேலே ஒரு ரிசார்ட்டில், பெங்களூரிலிருந்து வந்த நூற்றுச் சொச்சம் சாப்ட்வேர் ஆட்கள் முன்னால் நான் மேடையேறியபோது எல்லோர் முன்னாலும் காலி கிளாஸ் இருந்தது. பேசி முடித்தால்தான் ஊற்றுவார்கள். அதனால்தான் அவ்வளவு அமைதியாகக் கேட்டார்கள்.

எங்கள் ஆப் எளிமையானது. பாக்கெட்டைப் போனில் ஸ்கேன் செய்தால், அந்த ஏலக்காய் எந்தத் தோட்டம், என்று பறித்தது, கடைசியாக என்று பூச்சிமருந்து அடித்தது எல்லாம் வரும். பக்கத்து எஸ்டேட்தான் எங்கள் முதல் வாடிக்கையாளர். மருந்தடித்து நாற்பத்திரண்டு நாள் ஆயிற்று என்று பெரிய திரையில் காட்டினேன். கங்காணி தன் போனில் எதைத் தட்டிவிடுகிறாரோ அதுதான் திரைக்கு வரும். அதை யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. பேச்சு நன்றாகப் போனால் டீம் லீட் ஆக்குவதாக மேலாளர் ஜெகதீஷ் சொல்லியிருந்தார். மூன்று வருடமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாயாக உழைக்கிறேன்.

கைதட்டினார்கள். பீர் வந்தது. பேசியவர் முதல் வாய் குடித்த பிறகே மற்றவர்கள் குடிப்பது அங்கே வழக்கம்; அதைத் தோட்டத்தில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. கிளாஸோடு எல்லோரையும் தோட்டத்துக்குள் கூட்டிப்போனோம். அங்கே என் அம்மா பொன்னுமணி நின்றிருந்தாள். இருபத்தைந்து வருடமாக அந்த எஸ்டேட்டில் காயெடுப்பவள். தினமும் விடிவதற்குள் போடியில் ஜீப் ஏறி நெருக்கியடித்து வருவாள். உன் அம்மாவையே நிறுத்து, கதை நன்றாக இருக்கும் என்று சொன்னது ஜெகதீஷ்தான். அம்மாவுக்கு முன்னால் குடிப்பதெப்படி என்று நான் மட்டும் இன்னும் கிளாஸ் எடுக்கவில்லை.

அம்மா குத்தவைத்து, செடியின் தூரில் கிடந்த காய்ச் சரத்தைத் தூக்கி, எந்தக் காயைப் பறிக்கலாம் என்று காட்டினாள். ஒருவர் குனிந்து ஒரு பச்சைக்காயைப் பிய்த்து, நசுக்கி, தன் பீரில் போட்டார். பிறகென்ன, ஆளுக்கொன்று பிய்த்தார்கள். அம்மா எழுந்து என் பக்கம் திரும்பினாள்.

"ஆத்தா, நேத்துத்தான மருந்தடிச்சாக. வாயில வைக்க வேணாம்னு வெரசா சொல்லு."

மருந்தடித்த நாளில் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவாமல் சோற்றுத் தூக்குவாளியைக்கூடத் தொடமாட்டார்கள் அங்கே. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, வீட்டுக்கு வந்தால் குளித்த பிறகுதான் அம்மா என்னைத் தூக்குவாள். எனக்குத் தெரியாததில்லை.

தமிழ் தெரியாத ஜெகதீஷ், என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இன்றைக்குக் காய் நல்ல பக்குவத்தில் இருக்கிறதாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஒருவர்கூடக் காயை வெளியே எடுக்கவில்லை என்பதைப் பார்க்கத் தெரிந்தது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்மா."

அம்மா நேரே போய் ஜெகதீஷ் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கினாள். ஒரு நொடி எல்லோரும் திகைத்தார்கள். அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு, விசில். போன்கள் உயர்ந்தன. அவள் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் கிளாஸை என் கையில் திணித்தாள்.

"அப்ப நீ குடி."

நுரை அடங்கிக்கொண்டிருந்தது. பிளந்த பச்சைக்காய் ஒன்று மேலே மிதந்தது. முதல் வாய் என்னுடையது. நூறு பேரும் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள்.