நாலு விரலுக்கு ஒரு லைற்றர்

1

இந்தக் கதை ஒரு லேஞ்சியில், ஒரு கைக்குட்டையில், தொடங்கியது.

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் ஸுல்பிகாவின் கடை இருக்கிறது. போன் கவர், மணிக்கூடு, டோர்ச், குடை, காப்பு எல்லாம் ஒரே கண்ணாடி அலுமாரிக்குள் கிடக்கும். என் போனுக்குக் கண்ணாடி ஒட்டுவிக்கப் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண்மணி நின்றார். வலது கைப் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, லேஞ்சியால் இறுக்கிக் கட்டியிருந்தார். மிச்ச நாலு விரலாலும் ஒரு சுருட்டு லைற்றரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"காயமோ?" என்று கேட்டேன்.

"எனக்கு விரல் நல்லாத்தான் இருக்கு தம்பி. என்ர மனிசனுக்குத்தான் இல்லை. லைற்றரில போனது."

அவ்வளவு போதும் எனக்கு. ஒரு வசனம் கிடைத்தால் ஓடிப்போய் வீடு கட்டுகிற ஆள் நான். வீட்டுக்குப் போய்ச் சேருமுன்னமே கதை தயார்.

2

முதல் தொடக்கம்:

அந்த லைற்றர் வெடித்தபோது பஸ்தியாம்பிள்ளையின் வாயில் சுருட்டு இருந்தது. ஒரு கணம் வானமே

[இதை விடுங்கள். முழுப் பிழை.]

அடுத்த நாள் அந்தப் பெண்மணியை, எல்சி அக்காவை, தேடிப்போய் இதை வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குத் தந்த தேத்தண்ணி ஆறிப்போனது. நடுத்துறையில் நிற்கிற கப்பலுக்கும் கரைக்கும் இடையில் சாமான் ஏற்றி இறக்குகிற தட்டைப் படகுக்கும் துறைமுகத்து ஆட்கள் லைற்றர் என்றுதான் சொல்கிறார்கள். அவரின் மனிசன் பஸ்தியாம்பிள்ளை அதில் வேலை செய்தவர். படகு கட்டுகிற கட்டையில் கயிறு சுற்றும்போது படகு இழுபட்டது. கயிறு இறுகி, வலது பெருவிரலோடு போனது.

"ஆள் ஏறி நிக்கிற லைற்றர் தம்பி," என்றார் எல்சி அக்கா. "பொக்கற்றில வைக்கிற லைற்றர் இல்லை."

அவர் ஒரு லைற்றரைச் சொல்ல நான் வேறொன்றைக் கொளுத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்:

வைகாசி பிறந்தால் திருகோணமலையில் கச்சான் காற்று

[இது வானிலை அறிக்கை. வேண்டாம்.]

ஆகவே லேஞ்சியே இருக்கட்டும்.

(இன்னொன்று. நேரில் அவர் எனக்கு எல்சி அக்கா. கதைக்குள் வந்ததும் "அவள்" ஆகிவிடுவார். கதை எழுதுகிறவனுக்குக் கிடைக்கிற ஒரேயொரு சலுகை இது. பாவிக்கப் போகிறேன்.)

3

பஸ்தியாம்பிள்ளை ஒரு நாளைக்கு ஒரு சுருட்டுப் பத்துகிறவர். அந்த ஒன்றையும் வீட்டில் பத்துவதில்லை. பின்னேரம் படகுகள் கட்டுகிற ஜெட்டிக் கட்டில் போய்க் குந்தி, சிநேகிதர்களோடு கதைத்துக் கதைத்துத்தான் பத்துவார். அவர்களில் கலீலுர் றஹ்மான் அதே படகில் அவரோடு வேலை செய்தவர்.

ஆஸ்பத்திரியால் வந்த பிறகு ஒருநாள் ஜெட்டிக்குப் போனார். நெருப்புப்பெட்டியை எடுத்தார். குச்சி விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. கலீலுர் றஹ்மான் பெட்டியை வாங்கி, இரண்டு கையாலும் காற்றுக்கு மறைப்புப் பிடித்து, குழந்தைக்குச் சோறு தீத்துகிற மாதிரி அவர் வாய்க்குக் கிட்ட நெருப்பைக் கொண்டுபோனார். "நான் இருக்கிறன்தானே பஸ்தி," என்றும் சொன்னார்.

நல்ல மனத்தோடு சொன்ன சொல்தான். ஆனால் அன்றையோடு பஸ்தியாம்பிள்ளை ஜெட்டிப் பக்கம் போவதை விட்டுவிட்டார். வீட்டுக்குள்ளேயே கிடந்தார். குசினியில் காஸ் அடுப்பில் குனிந்து சுருட்டைக் கொளுத்தி, ஒரு பக்கத்துப் புருவத்தையும் கருக்கிக்கொண்டார்.

(சுருட்டு உடம்புக்குக் கூடாது என்று நீங்கள் சொல்ல வருகிறீர்கள். தெரியும். எல்சி கலியாணம் கட்டிய நாளிலிருந்து அதைச் சொல்லி ஏசுகிறவள். நானும் கேட்டேன். "அக்கா, இதைச் சாட்டிச் சுருட்டை விடப் பண்ணலாம்தானே?" அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சுருட்டை விட்டிருந்தா நான் கோயிலில பூசைக்குக் குடுத்திருப்பன் தம்பி. இவர் சுருட்டை விடேல்லை. சிநேகிதரைத்தான் விட்டிட்டார்.")

அந்த மனிதரை மறுபடி ஜெட்டிக் கட்டில் கொண்டுபோய் இருத்த வேண்டும். எல்சிக்கு வேண்டியது இவ்வளவுதான்.

4

இந்தப் பகுதியை நானும் பெருவிரலைக் கட்டிக்கொண்டு எழுதுவதாக முடிவுசெய்தேன். நான் கதை எழுதுவது போனில், பெருவிரலால்.

எல்சி கடைக்கு வந்தாள். விரலைக் கட்டினாள். லைற்றரை அமுக்கி

[போன் விழுந்தது.]

அமுக்கினாள். வரவில்லை. திரும்பவும் அமு

[மறுபடி விழுந்தது. ஸுல்பிகா ஒட்டித் தந்த கண்ணாடி கீறிப்போனது. லேஞ்சியை அவிழ்த்துவிட்டேன்.]

நாலு வசனத்துக்கே நான் கைவிட்டேன். எல்சி அந்தக் கட்டோடு ஒரு பின்னேரம் முழுக்க நின்றாள். எனக்கு இவளை நன்றாகப் பிடித்திருக்கிறது. கதை எழுதுகிறவன் பாத்திரத்தின் பக்கம் சாயக்கூடாது என்பார்கள். நான் சாய்ந்துவிட்டேன். நீங்கள் வேண்டுமென்றால் நிமிர்ந்து இருங்கள்.

5

ஸுல்பிகா சுருட்டைக் கையாலும் தொட்டதில்லை. எல்சி தொடுவாள், கழுவுகிற உடுப்பிலிருந்து எடுத்து எறிவதற்கு. இந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு நல்ல சுருட்டு லைற்றரைத் தெரிவுசெய்ய வேண்டும்.

முதலில் சக்கரம் உருட்டுகிற சாதாரண சாமான். சக்கரத்துக்குப் பெருவிரல் வேண்டும். தள்ளி வைத்தாள்.

அடுத்தது மூடி திறக்கிற வெள்ளி நிற லைற்றர். "இது மாப்பிள்ளை மாதிரி இருக்கு அக்கா," என்றாள் ஸுல்பிகா. எல்சி மணந்து பார்த்தாள். பெற்றோல் ஊற்றி எரிக்கிற சாமான். "இதை இவர் சேட்டுக்குள்ள வைச்சா, நான் மண்ணெண்ணைக்காரனைக் கட்டின மாதிரித்தான் இருக்கும். சுருட்டிலயும் மணக்கும்."

மூன்றாவது காஸில் எரிவது. மேலே பொத்தான். சுட்டுவிரலால் அமுக்க, நீலச் சுவாலை சீறிக்கொண்டு வந்தது. ஸுல்பிகாவுக்குச் சந்தோசம். பெட்டிக்குள் வைத்து மூடப் போனாள்.

"பொறு பிள்ளை. இன்னொருக்காக் கொளுத்திப் பாப்பம்."

இந்தமுறை பொத்தான் அசையவில்லை. பக்கத்தில் சின்னப் பூட்டு ஒன்று இருந்தது. அதைப் பெருவிரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் பொத்தானை அமுக்க வேண்டும். முதல்முறை ஸுல்பிகாவே அதைத் தள்ளிவிட்டுக் கொடுத்திருக்கிறாள், தான் செய்தது தனக்கே தெரியாமல்.

"சின்னப் பிள்ளையள் கையில எடுத்தாலும் எரியக்கூடாதெண்டு வைச்ச பூட்டு அக்கா," என்றாள்.

"இவரும் இப்ப சின்னப் பிள்ளைதான். ஆனா அதை அவருக்குச் சொல்லேலாது."

ஸுல்பிகாவுக்குக் கொஞ்சம் அலுத்துவிட்டது. "இடது கையால கொளுத்தச் சொல்லுங்களன் அக்கா. அந்தக் கை நல்லாத்தானே இருக்கு?"

எல்சி கட்டிய கையை வளைத்துத் தன் வாய்க்கு முன்னால் பிடித்துக் காட்டினாள், காற்றுக்கு மறைப்புப் பிடிக்கிற மாதிரி. பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இடைவெளி.

"இடது கையால கொளுத்தினா இந்தக் கைதான் மறைப்பு. இந்த ஓட்டைக்குள்ளால காத்து வருது பிள்ளை."

ஸுல்பிகா கொஞ்சநேரம் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செலோரேப்பை எடுத்துத் தன் பெருவிரலையும் உள்ளங்கையோடு சேர்த்துச் சுற்றினாள். கதிரையில் ஏறி மேல்தட்டிலிருந்து தூசி பிடித்த பெட்டியொன்றை இறக்கினாள். பெருவிரல் இல்லாமலே இறக்கினாள், இரண்டு குடையையும் சேர்த்து.

[இந்த இடத்தில் ஸுல்பிகாவைப் பற்றி மனிதநேயம், சகோதரத்துவம் என்று ஒரு பந்தி எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன். அவள் ரேப் சுற்றினாள். அது போதும்.]

பெட்டிக்குள் இருந்தது கைக்கு அடக்கமான கறுப்புச் சாமான். மேலே பொத்தான் இல்லை, சக்கரம் இல்லை, பூட்டு இல்லை. ஒரு பக்கம் முழுக்க நீளமான நெம்பு. கைக்குள் வைத்து நாலு விரலாலும் பொத்தினால் மூடி தானே திறக்கும், நெருப்பு வரும். விட்டால் தானே மூடிக்கொள்ளும். அடியில் காஸ் எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்கச் சின்னக் கண்ணாடி. பெருவிரலுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

இரண்டு பேரும் மாறி மாறிப் பொத்தினார்கள். ஒருமுறையும் பிழைக்கவில்லை.

"கடைக்குள்ள எல்லாம் எரியும்," என்றாள் எல்சி. "வா, கடலடிக்குப் போவம்."

6

கடையைப் பாதி சாத்திவிட்டு ஸுல்பிகாவும் போனாள். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. துறைமுகக் கட்டில் இரண்டு பெண்கள், ஒருத்தி லேஞ்சிக் கட்டோடு, மற்றவள் ரேப்போடு, காற்றுக்கு முகம் கொடுத்து லைற்றர் பொத்துகிறார்கள். ஒரு ஓட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார். "என்ன அக்கா, கடலைக் கொளுத்தப் போறியளோ?"

"ஓம். தள்ளி நில்லுங்கோ," என்றாள் எல்சி.

பொத்தினாள். நீலச் சுவாலை சரிந்தது. ஆனால் நின்றது. விட்டுப் பொத்தினாள். நின்றது. மறைப்பே பிடிக்காமல் பொத்தினாள். அப்பவும் நின்றது.

"காணும் அக்கா, காஸ் முடியப் போகுது."

எல்சிக்குக் கண் நிரம்பிவிட்டது. காற்று என்றாள். (இதை எல்சி அக்கா எனக்குச் சொல்லவில்லை. ஸுல்பிகா சொன்னாள். காற்று அந்தப் பக்கத்தால் அடிக்கவில்லை என்றும் சொன்னாள்.)

7

எனக்குச் சந்தேகமெல்லாம் பஸ்தியாம்பிள்ளையில்தான். அவரை எப்படி எழுதுவது?

லைற்றரைக் கண்டதும் பஸ்தியாம்பிள்ளையின் கண்கள் கலங்கின. "எல்சி" என்று தழுதழுத்த குரலில்

எல்சி அக்கா இதை வாசித்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். "இவர் அழுற ஆள் இல்லை தம்பி. ஏசுற ஆள்."

"அப்ப என்ன நடந்தது?"

நடந்தது இது. எல்சி லைற்றரைச் சுருட்டுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்துவிட்டு, குசினிக்குள் போய்விட்டாள்.

"ஆர் இதைக் கேட்டது?" என்று முன்னுக்கிருந்து சத்தம் வந்தது. எல்சி தேங்காயை உடைத்தாள். "எனக்கென்ன கை இல்லையோ?" கொஞ்சநேரத்தால் வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் கதவு திறந்தது. பிறகு டிக். நிறுத்தி, டிக். எல்சி தேங்காய்ப் பாதியை எடுத்து, தேவையில்லாமல், சத்தமாகத் திருவத் தொடங்கினாள், தனக்குக் கேட்கிறது என்று அவருக்குத் தெரியக்கூடாதென்று.

கோடியால் வந்த மனிதர் நேரே போய்ச் சேட்டை மாட்டினார்.

"எங்க போறியள்?"

"சும்மா, காத்து வாங்க."

அன்றைக்கு அடித்த கச்சானுக்கு வீட்டுக்குள்ளேயே வேண்டிய அளவு காற்று கிடந்தது. எல்சி அதைச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கு மிஞ்சிப்போகிற அளவு தேங்காய் திருவியிருந்தாள், இரவுக்குத் தேங்காய்ப்பால் சொதியைக் கூடுதலாக வைத்தாள்.

8

வீதி மூலையோடு எல்சியின் கண் நின்றுவிடுகிறது. ஆகவே எனக்கும் அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. என்னிடம் இரண்டு முடிவு இருக்கிறது.

ஒன்று: எல்லாரும் பஸ்தியாம்பிள்ளையைக் கட்டிப்பிடித்து

[இல்லை. ஜெட்டிக் கட்டில் அப்படியெல்லாம் செய்யமாட்டார்கள். "ஆளைக் காணேல்லை" என்று சொல்லி இடம் விடுவார்கள்.]

இரண்டாவதைப் பாதி எழுதியிருக்கிறேன். அவர் ஜெட்டிக்குப் போய்க் குந்தினார். சுருட்டை எடுக்கவில்லை. லைற்றரையும் எடுக்கவில்லை. வலது கை காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ளேயே கிடந்தது. பக்கத்தில் கலீலுர் றஹ்மான் ஒரு சிகரெட்டை வாயில் வைத்தார். குச்சியைத் தட்டினார், காற்று அணைத்தது. இன்னொன்று, அதுவும் போனது. கடைசிக் குச்சியை இரண்டு கைக்குள்ளும் பொத்தித் தட்டினார். விரல்கள் எல்லாம் இருந்தும் அதுவும் போனது. வெறும் பெட்டியைக் கடலுக்குள் எறிந்துவிட்டுத் திரும்பினார்.

"பஸ்தி, நெருப்பு இருக்கோ?"

9

இதற்கு மேல் என்னால் ஏலாது. நான் பெருவிரலால் எழுதுகிறவன். இந்தக் கடைசி வேலைக்கு நான் சரிவரமாட்டேன்.

பஸ்தியாம்பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் செய்யுங்கள். இதை எதில் வாசித்தாலும் பெருவிரலால்தான் பிடித்திருப்பீர்கள். கீழே வையுங்கள். வலது கைப் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்குங்கள். லேஞ்சி இருந்தால் கட்டுங்கள். பொக்கற்றுக்குள் அது கிடக்கிறது, கறுப்பு, கைக்கு அடக்கம். எல்சியும் ஸுல்பிகாவும் இதே காற்றில் பார்த்துத் தந்தது. நம்பலாம்.

வெளியில் எடுங்கள். கையை ஒளிக்க வேண்டாம். கலீலுர் றஹ்மான் சிகரெட்டோடு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உங்கள் கையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

நாலு விரலும் போதும். பொத்துங்கள்.